பிக்கப் பின்தொட்டியில் கீலில் திறந்து வெளிவரும் கருவிப்பெட்டி

2024 ஜூன் 2. வள்ளியூரிலிருந்து வந்த கேள்வி

அண்ணாச்சி, எனக்குச் சப்மர்சிபிள் மோட்டார் இறக்கி ஏற்றும் வேலை. பிக்கப் வண்டியின் பின்தொட்டியில், சக்கர மேட்டுக்கும் (பின் சக்கரத்துக்கு இடம்விட்டுத் தொட்டிக்குள் துருத்தி நிற்கும் தகட்டுக்கும்) பின் கதவுக்கும் நடுவே கிடக்கும் மூலையில் ஒரு பெட்டியைப் பொருத்தி, அதைக் கதவு போலக் கீலில் சுழற்றி நம் கைக்குக் கொண்டுவரும் அமைப்பை அமெரிக்காவில் விற்கிறார்கள். அதைப் போலவே ஒன்றைச் செய்து, இரண்டு கீலைப் பக்கத் தகட்டில் வெல்டு அடித்துவிட்டால் போதும் என்கிறார் எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர். போதுமா?

2024 ஜூன் 2, இரவு

போதாது, தம்பி. தொட்டியின் பக்கத் தகடு மெல்லியது. மழையையும் சரக்கின் உராய்வையும் தாங்குவதற்காக வைத்தது, ஒரு பக்கமாகத் தொங்கும் எடையைச் சுமப்பதற்காக வைத்ததல்ல. இந்தப் பெட்டியைப் பற்றி நான் சொல்ல விரும்புவதில் முதன்மையானது ஒன்றுதான்: வண்டி ஓடும்போது பெட்டியின் எடை கீலில் இருக்கவே கூடாது. நிறுத்தித் திறந்த பிறகு கீல் சுமக்கலாம், மூடிய நிலையில் தொட்டியின் தரைதான் சுமக்க வேண்டும். இதைச் செய்யாத எந்தப் பெட்டியும் நம் சாலைகளில் நாளடைவில் தகட்டைக் கிழிக்கும்.

உங்கள் வண்டி எது என்று எழுதுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு சொல்வது சரியாக இராது.

2024 ஜூன் 3

தம்பி பதில் தருவதற்குள் வேறு சிலரும் கேட்டுவிட்டதால் வண்டி வகையைப் பற்றி எழுதிவிடுகிறேன். நம் பக்கத்தில் அதிகம் ஓடும் பொலிரோ பிக்கப், டாடா யோதா, அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவற்றில் பின்பகுதி பெரும்பாலும் தட்டையான தளம். மூன்று பக்கமும் கதவுகள் கீழே இறங்கும். வாழைத்தார் ஏற்றுவதற்கும் செங்கல் இறக்குவதற்கும் அதுவே வசதி. ஆனால் அந்தத் தளத்தில் சக்கர மேடும் இல்லை, அதன் பின்னால் வீணாகும் மூலையும் இல்லை. பக்கக் கதவே கீழே இறங்கும் வண்டியில் அந்தக் கதவின்மேல் பெட்டியைத் தொங்கவிட முடியாது. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் லாரியில் இருப்பதுபோல் தளத்துக்கு அடியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஒரு பெட்டி வைத்துக்கொள்வதே முறை.

சுழன்று வெளிவரும் பெட்டி தொட்டி வகை வண்டிக்கு உரியது. 2016இல் இந்தியாவில் அறிமுகமான இசுசூ வி-கிராஸ், 2022இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவற்றில் பக்கச் சுவர்கள் அசையாதவை, சக்கர மேடு உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும், பின் கதவு மட்டும் இறங்கும். சக்கர மேட்டுக்குப் பின்னால் பெரிய சரக்கு எதுவும் உட்காராத அந்த இடத்தில்தான் இந்தப் பெட்டிக்குப் பொருள் உண்டு.

2024 ஜூன் 3, மாலை

வள்ளியூர்த் தம்பியின் வண்டி வி-கிராஸ், அதுவும் என் வண்டியைப் போலவே பழையதாக வாங்கியது. நல்லது. அளந்து அனுப்பிய இடத்துக்கு 75 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் உள்ள பெட்டி பொருந்தும். சக்கர மேடு சற்று வளைந்து இறங்குவதால் பெட்டியின் முன்முனையின் கீழ் மூலையைச் சாய்வாக வெட்ட வேண்டியிருக்கும்.

2024 ஜூன் 5

பட்டறைக்காரரிடம் காட்டுவதற்காக ஒரு கணக்கை எழுதுகிறேன், ஏனென்றால் வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள்.

பெட்டியும் கருவிகளும் சேர்த்து 35 கிலோ என்று கொள்வோம். அந்த எடையின் நடு, கீலின் நடுக்கம்பியான பின்னிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. தள்ளி இருக்கும். பெருக்கினால் 1,400 வருகிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 28 செ.மீ. இருந்தால், மேல் கீலைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 50 கிலோ. கீழ்க் கீலைச் சுவருக்குள் தள்ளும் விசையும் அதே 50 கிலோ. இடைவெளியை 14 செ.மீ. என்று குறுக்கினால் அதே பெட்டி 100 கிலோவாக இழுக்கும். ஆகவே பெட்டியின் உயரம் எவ்வளவு இடம் தருகிறதோ அவ்வளவு தூரம் கீல்களைப் பிரித்து வைப்பது அழகுக்காக அன்று.

இது நின்றுகொண்டிருக்கும் வண்டியின் கணக்கு. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் சாலையில் ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது அதே எடை இரண்டு மடங்காகவும் அதற்கு மேலும் உதைக்கும். பெட்டி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் உதை அங்கே இன்னும் கூடுதலாகத் தெரியும். ஒரே ஒரு பெரிய உதையில் தகடு கிழியாது. சிறு சிறு உதைகள் பல நாள் சேர்ந்து வெல்டின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு ஓடும், அதில் துரு ஏறும், அதன் பிறகே பிய்த்துக்கொண்டு வரும். தகடு மெல்லியதாக இருக்கும்போது வெல்டு அடித்த சூடே அந்த ஓரத்தைப் பலவீனமாக்கியும் விடுகிறது.

2024 ஜூன் 6

எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டவருக்கு: இடப்பக்கம், அதாவது கிளீனர் பக்கம். நாம் இடது ஓரமாக வண்டியை நிறுத்துகிறோம். பெட்டியின் மூடியைப் பக்கச் சுவருக்கு மேலாகக் கைவிட்டுத் திறக்கும்போது நம் முதுகு பேருந்து போகும் பக்கம் இருக்கக் கூடாது. நாங்குநேரி நாற்கரச் சாலை ஓரத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து ஆயத்தப் பெட்டியை வரவழைக்கிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அவர்களுடைய பட்டியலில் ஓட்டுநர் பக்கப் பெட்டி என்று இருப்பதைக் கேட்டு வாங்கினால்தான் நமக்குக் கிளீனர் பக்கம் பொருந்தும்.

2024 ஜூன் 9

இனி நான் என் வண்டியில் செய்த முறை. நீளமாகத்தான் வரும்.

பக்கத் தகட்டை நான் நம்பவே இல்லை. பின் கதவுக்குச் சற்று முன்னால், இடது மூலையில், 40 மி.மீ. சதுரக் குழாயால் ஒரு தூண் நிறுத்தினேன்; குழாயின் கனம் 3 மி.மீ. தூணின் அடியில் 6 மி.மீ. கனமுள்ள பட்டைத் தகடு. அதைத் தொட்டியின் தரையோடு நான்கு எம்10 போல்ட்டால் இறுக்கினேன். தரைக்குக் கீழேயும் அதே அளவில் ஒரு தகடு கொடுத்ததால் தரைத் தகடு இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிறது. போல்ட்டின் இழுப்பு ஒரே புள்ளியில் விழாமல் பரவிவிடுகிறது. தொட்டியின் தரை மேடும் பள்ளமுமாக மடித்த தகடு என்பதை மறக்கக் கூடாது. பள்ளங்களில் இரும்புப் பட்டை கொடுத்து நிரப்பாமல் முறுக்கினால் மேடுகள் நசுங்கும், நசுங்கிய பிறகு போல்ட் தளரும். தூணின் மேல்முனையை ஒரு எல் வடிவப் பட்டையால் பக்கச் சுவரின் மேல் விளிம்போடு, கயிறு கட்டும் கொக்கிக்காக ஏற்கெனவே இருந்த துளையில் இணைத்தேன். அந்த மேல் இணைப்பு எடையைச் சுமப்பதில்லை, தூண் ஆடாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே.

துளை போடுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாக வேண்டும். பிரேக் குழாய், பின் விளக்கு ஒயர், டீசல் குழாய் எங்கே போகின்றன என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டு, டிரில் பிட்டில் ஒரு மரத்துண்டைக் கோத்து, தகடு விட்டதும் பிட் மேலும் இறங்காதபடி தடுத்துக்கொண்டேன். துளையின் ஓரத்தை அரத்தால் மழித்து, துத்தநாகப் பிரைமர் பூசி, அது காய்ந்த பிறகே போல்ட்டை நுழைத்தேன். இந்தக் கடைசி வேலையைப் பல பட்டறைகளில் செய்வதில்லை. துளையின் பச்சை ஓரத்தில் ஒரு மழைக்காலம் போதும், துரு தொடங்கிவிடும்.

கீலுக்கு, இரும்புக் கேட்டுகளில் வைக்கும் புல்லட் கீலைப் பயன்படுத்தினேன். பேட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். இதில் ஒரு வசதி உண்டு: கீலின் மேல்பாதி, பின்னின்மேல் சில மில்லிமீட்டர் தடையின்றி எழும்பும். பெட்டி மூடும்போது அதன் அடிப்பாகம் சாய்வான நைலான் கட்டைமேல் ஏறும்படி அமைத்தேன். கீலின் பக்கம் ஒன்று, எதிர்முனையில் ஒன்று. ஏறியதும் பெட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் எழும்பிக் கட்டைமேல் உட்கார்ந்துவிடுகிறது, கீலின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. முதல் நாள் நான் சொன்னது இதுதான். அந்த வெளிச்சம் தெரியும் வரை கட்டையின் உயரத்தைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் எழும்பும் கீல் பள்ளத்தில் முழுவதுமாகக் கழன்றும் போகலாம், ஆகவே பின்னின் தலையில் ஒரு வளையமும், அது கழலாமல் குறுக்கே செருகும் காட்டர் பின்னும் கட்டாயம்.

எதிர்முனையைப் பிடிக்கும் கொண்டி, பெட்டியைக் கீழ்நோக்கி அழுத்தி ரப்பரை நசுக்கிப் பூட்டும் வகையாக இருக்க வேண்டும். சும்மா மாட்டும் கொக்கி போதாது. சத்தம் கேட்டால் அங்கே தேய்மானம் நடக்கிறது என்று பொருள்.

2024 ஜூன் 10

ஆலங்குளத்து நண்பர், துளை போட மனம் வரவில்லை, தூணைத் தரையோடு வெல்டு அடித்தால் ஆகாதா என்கிறார். ஆகும், ஆனால் நான் செய்யமாட்டேன். போல்ட் என்றால் வண்டியை விற்கும்போது கழற்றிவிடலாம். மேலும் வெல்டு அடிக்கிற இடத்துக்குக் கீழே எரியக்கூடியது என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எப்படியும் வண்டியின்மேல் வெல்டு அடிப்பதாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, வெல்டிங்கின் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்டச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டரும் எஞ்சினின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அந்த மின்னோட்டத்தைத் தாங்கமாட்டா.

2024 ஜூன் 10, சற்று நேரம் கழித்து

எம்10 போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்ற கேள்விக்கு விடை கீழே தகடு கொடுத்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. 8.8 தர எம்10 போல்ட் 45 நியூட்டன் மீட்டருக்கு மேலும் தாங்கும். நடுவில் இருக்கும் மெல்லிய தரை அதைத் தாங்குமா என்பதே கேள்வி. பள்ளங்களை நிரப்பியிருந்தால் அச்சமில்லை. அதிர்வில் தளராத நைலாக் நட் போடுங்கள், முதல் வாரம் ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

2024 ஜூன் 14

வாங்குவதற்கோ செய்வதற்கோ முன்னால் இதை யோசித்தே ஆக வேண்டும். கீல் பின் கதவின் அருகே இருக்கிறது. பெட்டி கீலிலிருந்து முன்னோக்கிச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்கும்போது முன்முனை தொட்டியின் நடுவை நோக்கி வந்து, அதன் பிறகே நம் பக்கம் திரும்பும். அதாவது 75 செ.மீ. பெட்டிக்கு 75 செ.மீ. ஆரமுள்ள கால் வட்டம் தொட்டிக்குள் காலியாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் மோட்டாரோ கேபிள் சுருளோ எடை தூக்கும் செயின் பிளாக்கோ கிடந்தால் பெட்டி திறக்காது. பின் கதவையும் முதலில் இறக்கியாக வேண்டும், பெட்டியின் அடிக்கும் இறக்கிய கதவுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும்.

எங்கள் தொழிலில் போகும்போது தொட்டி நிறைந்திருக்கும்; கிணற்றடியில் எல்லாவற்றையும் இறக்கிய பிறகுதான் தொட்டி காலியாகும். அதனால் பெட்டியின் மூடி மேல்நோக்கித் திறப்பதாக இருந்தால், சுழற்றாமலேயே அவசரத்துக்கு ஒரு டெஸ்டரையோ ஸ்பேனரையோ எடுத்துக்கொள்ளலாம். மூடி முன்பக்கமாகத் திறக்கும் பெட்டியை மோட்டார்காரர்கள் செய்யச் சொல்ல வேண்டாம். மோட்டாரைக் கிணற்றுக்குள் தொங்கவிடும் காலம் பைப்புகளைப் பற்றிக் கவலை இல்லை. மூன்று மீட்டர் பைப் எப்படியும் தொட்டிக்குள் அடங்காது, அவை மேலே ரேக்கில்தான் போகும்.

2024 ஜூன் 18

பெட்டியை எதனால் செய்வது? 16 கேஜ் இரும்புத் தகட்டில், அதாவது 1.6 மி.மீ. கனத்தில், மேலே சொன்ன அளவுப் பெட்டி காலியாகவே 15 கிலோ வரும். 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஆறரை கிலோவுக்குள் முடிந்துவிடும். என் பெட்டி இரும்பு. பட்டறையில் அலுமினியம் வெல்டு அடிக்கும் வசதி அப்போது இல்லை. இன்று செய்தால் அலுமினியத்தையே கேட்பேன், ஏனென்றால் மிச்சமாகும் எட்டரை கிலோவும் திறக்கும் ஒவ்வொரு முறையும் கீலுக்கு மிச்சம்.

வெளிநாட்டில் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். எடை குறைவு, துருவும் இல்லை. பாளையங்கோட்டை வெயிலில் ஆண்டு முழுவதும் மூடாமல் நிற்கும் வண்டிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். மேலே தார்ப்பாய் போட்டு ஓட்டுகிறவர்கள் வாங்கலாம்.

2024 ஜூன் 19

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். உவரி, கூட்டப்புளி, கூடங்குளம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் அலுமினியத்தை இரும்போடு நேராகத் தொடவிடக் கூடாது. உப்புக் காற்றின் ஈரம் நடுவில் நின்றால் அலுமினியம் அரித்து வெண்பொடியாக உதிரும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டைச் சுற்றி அந்த அரிப்பு இன்னும் விரைவாக நடக்கும். போல்ட்டுக்கு நைலான் வாஷரும் புஷ்ஷும், கீல் பட்டைக்கு அடியில் ரப்பர் தாளும் கொடுத்தால் பிரச்சினை அடங்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைப் போடும்போது சிறிது கிரீஸ் தடவாவிட்டால் பாதி வழியில் இறுகிக்கொண்டு, பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

2024 ஜூலை 7

ஆனிக் காற்று தொடங்கியதிலிருந்து திறந்த பெட்டி தானாக மூடிக்கொள்கிறது என்று பணகுடியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைகளையே சுழற்றுகிறது. பெட்டியின் 75 செ.மீ. நீளப் பலகை அதற்கு ஒரு பொருட்டல்ல. காற்று இல்லாவிட்டாலும், வண்டியின் மூக்கு இறக்கத்தில் நின்றால் பெட்டி உள்நோக்கி ஓடும், மூக்கு ஏற்றத்தில் நின்றால் வெளிநோக்கி ஓடும். உள்ளே 20 கிலோ கருவி இருக்கும் பெட்டி விரலில் வந்து மோதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். தூணின் அடித் தகட்டில் ஒரு துளையிட்டு, பெட்டி குறுக்கே நிற்கும் நிலையில் அந்தத் துளைக்குள் விழுமாறு பெட்டியின் அடியில் ஒரு தாழ்ப்பாள் வையுங்கள். இது இல்லாத பெட்டியைச் சிறுவர்கள் ஏறி விளையாடும் வண்டியில் வைக்கவே வேண்டாம்.

தேரி மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இட்டமொழி, திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் தூள் பூட்டுக்குள்ளும் கீலுக்குள்ளும் போய்விடும். பூட்டில் எண்ணெய் விட்டால் தூள் அதோடு சேர்ந்து சேறாகி இறுகும். கிராஃபைட் பொடியே அதற்குச் சரியானது. கீலுக்குக் கிரீஸ்தான் வேண்டும், ஆனால் பழைய கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். பெட்டிக்குள் பதித்த சாவிப் பூட்டைவிட, கொண்டியில் மாட்டும் கனமான திண்டுக்கல் பூட்டே எனக்கு நம்பிக்கை தருகிறது. அது தகட்டில் இடிக்காதபடி ஒரு ரப்பர் துண்டைப் பின்னால் ஒட்டினால் போதும்.

2024 ஜூலை 21

பெட்டியின் எந்தப் பாகமும் வண்டியின் எல்லையைத் தாண்டவில்லை என்றாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சிக்கல் வருமா என்று கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை அமைப்பையே மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் அது மாற்றம் என்று விளக்குகிறது. கழற்றக்கூடிய ஒரு கருவிப்பெட்டி அந்த வகையில் வராது என்பது என் கருத்து. போல்ட் வைத்துக் கட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்டியின் எடையைச் சரக்கின் எடையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள், ஓடும்போது பெட்டி பூட்டியே இருக்கட்டும்.

2024 அக்டோபர் 20

ஐப்பசி பிறந்துவிட்டதால் மழையைப் பற்றி. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் நம் திருநெல்வேலி மாவட்டமும் தூத்துக்குடி மாவட்டமும் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. வெள்ளத்தில் மூழ்கும் பெட்டியை எந்த ரப்பரும் காக்காது. ஆனால் சாதாரண அடைமழைக்குச் செய்ய வேண்டியவை உண்டு. மூடியின் விளிம்பு பெட்டியின் வாயைத் தாண்டிக் கீழே மடிந்து இறங்க வேண்டும். ரப்பர் அதற்கு உள்ளே இருக்க வேண்டும். பெட்டியின் அடி மூலைகளில் 4 மி.மீ. துளை இரண்டு போட்டால் உள்ளே வந்த தண்ணீர் தங்காது. மின்காப்பைச் சோதிக்கும் மெக்கரையும் மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரையும் பெட்டியின் தரையில் வைக்காமல் மேல் தட்டில் வையுங்கள்.

சித்திரை வெயிலுக்கும் இதே அக்கறை வேண்டும். மூடிய இரும்புப் பெட்டிக்குள் வெளிவெப்பத்தைவிட மிகக் கூடுதலாகச் சூடேறும். கார்ட்லெஸ் டிரில்லின் லித்தியம் பேட்டரியை அதில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. அதைக் கேபினில் நிழலில் வைக்க வேண்டும்.

2024 அக்டோபர் 27

வள்ளியூர்த் தம்பி பெட்டியை மாட்டிப் படம் அனுப்பியிருக்கிறார். தூண் நேராக நிற்கிறது, மூடிய நிலையில் கீலின் நடுவே வெளிச்சம் தெரிகிறது, பட்டறைக்காரர் கவனமாகவே செய்திருக்கிறார். ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொல்கிறேன். 24 அங்குல பைப் ரிஞ்சும் செயின் ரிஞ்சும் இப்போது பெட்டியின் முன்முனையில் கிடக்கின்றன. அவற்றின் எடை கீலை ஒட்டிய பக்கத்தில் விழும்படி வைத்து, டேப், கெப்பாசிட்டர், ஸ்டார்ட்டர் உதிரிகள் போன்ற எடையில்லாதவற்றை முன்முனைக்கு மாற்றுங்கள். ரிஞ்சு நிற்கும் அளவுக்குப் பெட்டிக்கு உயரம் இல்லாததால் கீலின் பக்கமாகத் தலை வரும்படி படுக்க வையுங்கள்; ரிஞ்சின் எடை பெரும்பாலும் தலையில்தான் இருக்கிறது. 36 அங்குல ரிஞ்சு இந்தப் பெட்டிக்குள் அடங்காது. அதைச் சக்கர மேட்டுக்கு முன்னால் தரையில் ஒரு பெல்ட்டால் கட்டிவிடுங்கள்.